மந்தைவெளி மாடியில் பன்னிரண்டு வினாடி: மூன்று மாதத் தியான வகுப்பில் நான் கண்டது

திருவல்லிக்கேணியில் 34 ஆண்டுகளாகக் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறேன். நான் தியான வகுப்பைத் தேடிப் போனதே இந்தத் தொழிலால்தான் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். பேலன்ஸ் வீலை, அதாவது கடிகாரத்துக்குள் இருபுறமும் ஆடி அதன் துடிப்பைச் சீராக வைக்கும் சிறு சக்கரத்தை, அதன் இடத்தில் இறக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். கண்ணில் ஐ கிளாஸை மாட்டி, ட்வீசர் முனையில் முடி போன்ற ஹேர் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் கடை இருக்காது, தெரு இருக்காது, நானும் இருக்க மாட்டேன். வேலை முடிந்து நிமிரும்போதுதான் பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போனது தெரியும். அப்பாவிடம் தொழில் கற்ற நாளிலேயே எனக்கு இது வாய்த்தது. நான்கைந்து ஆண்டுகளாக வருவதில்லை. கைப்பேசி அழைக்கிறது; அது அழைக்காத நேரத்தில் மனமே அதை எடுத்துப் பார் என்கிறது. போன வருடம் ஒருவர் தம் தாத்தாவின் கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் ஹேர் ஸ்பிரிங்கை நசுக்கிவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

முதலில் நான் பணம் கட்டியது வேறோர் இடத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மூன்று நாள் முகாம். மூன்றே நாளில் சமாதி அனுபவம், அதாவது தியானத்தில் தன்னை மறந்து ஒன்றிப்போகும் நிலை, என்று அச்சடித்த தாளைப் பார்த்துப் போனேன். மங்கலான விளக்கு, குளிர்சாதன அறை, நெஞ்சை அதிரவைக்கும் இசை. இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடியவனுக்கு 40 நிமிடம் எங்கே போனது என்றே தெரியவில்லை. விழித்தபோது ஒரு தொண்டர் என் கையைப் பிடித்து, 'உங்களுக்குக் கிடைத்துவிட்டது' என்றார். சான்றிதழும் கொடுத்தார்கள். அதைக் கடை மேசையின் இழுப்பறையில் வைத்திருந்தேன். ஆறு மாதம் அதை நம்பினேன். ஆனால் அந்த ஆறு மாதத்திலும் கை பழையபடி நிலைக்கவில்லை.

இப்போது நான் எழுத வந்த வகுப்பு மந்தைவெளியில், ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் நடக்கிறது. பெயர்ப்பலகை இல்லை, விளம்பரம் இல்லை. நடத்துபவர் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மையார், எல்லாருக்கும் டீச்சர். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் வழியில் பயின்றவர். மைசூரில் இருந்த கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்கு வந்து, 1989இல் மறையும்வரை இந்த ஊரில்தான் கற்பித்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தந்தை பெயரால் யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். ஆளுக்கு ஏற்றபடிதான் பயிற்சி, மூச்சில்லாமல் அசைவில்லை என்பது அவ்வழியின் அடிப்படை. டீச்சர் அதில் இம்மியும் பிசகுவதில்லை.

வாரத்தில் நான்கு நாள், காலை 5:30 முதல் 6:45 வரை. மூன்று மாதத்துக்கு 2,400 ரூபாய். ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை.

சேர்வதற்கு முன் அரை மணி நேரம் தனியாக உட்காரவைத்துப் பேசினார். இரத்த அழுத்தம் உண்டா, கண்ணில் நீர் அழுத்தம் உண்டா, தூக்கம் எப்படி, எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். முகாமில் என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கடைசியில், 'எதற்காக வருகிறீர்கள்?' என்றார். சமாதி கிடைத்த கதையைச் சொன்னேன். சான்றிதழைக்கூட எடுத்துப்போயிருந்தேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

'மூன்று கேள்வி கேட்கிறேன், சார். எழுந்தபோது கழுத்து எப்படி இருந்தது?'

தொங்கிப்போயிருந்தது, மோவாய் நெஞ்சில் பட்டது என்றேன்.

'எதை நினைத்து உட்கார்ந்தீர்களோ அது கடைசிவரை உங்களிடம் இருந்ததா?'

இல்லை. எதுவுமே இல்லை.

'எழுந்த பிறகு தலை தெளிவாக இருந்ததா, கனத்ததா?'

கனமாக இருந்தது. காபி குடித்த பிறகுதான் சரியானது.

'நன்றாகத் தூங்கியிருக்கிறீர்கள். களைத்த உடம்புக்கு நல்லதுதான்' என்றார். குரலில் ஏளனம் துளியும் இல்லை. ஆனாலும் எனக்கு முகம் சுட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அன்று படியிறங்காமல் நின்றது, என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

பின்னர் வகுப்பில் இதை விளக்கினார். மனம் ஒடுங்குவதில் இலயம், நாசம் என்று இரண்டு வகை உண்டென்று ரமணர் பிரித்துச் சொன்னார். இலயித்தது மறுபடி எழும், மாய்ந்தது எழாது. ரமணர் சொல்லிவந்த கதை ஒன்று: கங்கைக் கரையில் தவம் செய்த யோகி ஒருவர் தாகம் எடுத்துச் சீடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சீடன் வருவதற்குள் ஆழ்ந்துபோனார். நெடுங்காலம் கழித்துக் கண் திறந்தபோது அவர் வாயில் வந்த முதல் சொல் 'தண்ணீர்'. எந்த எண்ணத்தோடு உள்ளே போனாரோ அதே எண்ணத்தோடு வெளியே வந்தார். இடையில் எதுவும் மாறவில்லை. பதஞ்சலி யோக சூத்திரத்தில் வழியில் குறுக்கே நிற்கும் தடைகள் ஒன்பது என்று ஒரு பட்டியல் வருகிறது. நோய், மந்தம், சந்தேகம், கவனமின்மை, சோம்பல் என்று போகும் அந்த வரிசையில் ஏழாவது பிராந்தி தரிசனம், அதாவது ஒன்றை வேறொன்றாகக் காண்பது. டீச்சர் யாரையும் பார்க்காமல்தான் அதைப் படித்தார். எனக்கு மட்டும் அது என் பெயரைச் சொல்லி அழைத்ததுபோல் இருந்தது.

சமாதி என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது கல்லறைதான். கடற்கரையில் தலைவர்களின் சமாதிகள், திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி, திருவான்மியூரில் பாம்பன் சுவாமிகள் சமாதி. வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் அக்கா, 'அந்த வார்த்தையை வீட்டில் சொல்லாதே' என்று கண் கலங்கினாள். வடமொழியில் அதற்கு ஒன்றாகச் சேர்த்து நிறுத்துவது என்று பொருள். சிதறிக் கிடப்பதை எடுத்து ஓரிடத்தில் வைப்பது. மேசையெல்லாம் பரப்பிப் போட்ட கடிகாரத்தைத் திரும்பக் கோத்து மூடுகிறவனுக்கு இந்தப் பொருள் உடனே பிடிபடும். அக்காவுக்கும் அப்படித்தான் விளக்கினேன்.

முதல் இரண்டு வாரமும் உட்காரக் கற்றுக்கொண்டதிலேயே போயின. அசையாமலும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்கிறார் பதஞ்சலி. எனக்கு அசையாமை இருந்தது, சுகம் இல்லை. ஸ்டூலில் குனிந்தே வாழ்ந்தவன். தரையில் சம்மணம் போட்டால் முழங்கால் இரண்டும் காற்றில் நிற்கும், இடுப்பு பின்னால் சாயும், பத்து நிமிடத்தில் முதுகு கதறும். டீச்சர் ஒரு ஜமுக்காளத்தை நான்காக மடித்து என் பின்புறத்துக்கு அடியில் செருகினார். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்தது, முழங்கால் தானாகத் தரைக்கு இறங்கியது, முதுகு யாரும் தூக்காமல் நிமிர்ந்தது. நான்கு மடிப்பு, அவ்வளவுதான். முதுகு வலிக்காக முன்பு நான் செலவழித்ததை நினைத்துக்கொண்டேன். முட்டியில் வலி உள்ள இருவருக்கு நாற்காலி. அவர்களை யாரும் குறைவாக நடத்துவதில்லை.

அதன் பிறகு மூச்சு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் மாத்திரை என்னும் கால அளவில் கணக்குச் சொல்கிறார்: 16 மாத்திரை உள்ளே இழுத்து, 64 நிறுத்தி, 32 வெளியே விடுவது. எங்கள் குழுவில் தரமணியில் கணினி வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் இதைப் படித்துவிட்டு வந்து முதல் வாரமே 64 நிறுத்திக் காட்டுகிறேன் என்றார். டீச்சர் மறுத்துவிட்டார். முதல் மாதம் எங்களுக்கு நிறுத்தலே கிடையாது. ஆறு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. பிறகு ஆறு இழு, எட்டு விடு, பத்து விடு, பன்னிரண்டு விடு. வெளிமூச்சு நீள நீள நெஞ்சுத் துடிப்பு தணிவதை மணிக்கட்டில் விரல் வைத்தே உணர முடிந்தது. மூச்சை முரட்டுத்தனமாக அடக்குவதைப் பற்றி அவர் சொன்னது: 'திருமூலர் சொன்ன அளவு, திருமூலர் நின்ற இடத்தில் நிற்பவருக்கு.' அந்த இளைஞருக்கு முதலில் கோபம். இன்று எங்களில் மிக நிதானமாக மூச்சு விடுபவர் அவர்தான்.

இனி என்னைக் கட்டிப்போட்ட பகுதிக்கு வருகிறேன்.

பதஞ்சலி தம் சூத்திரத்தின் மூன்றாம் பாதமான மூன்றாம் பகுதியின் தொடக்கத்திலேயே மூன்று படிகளை அடுத்தடுத்து வைக்கிறார். மனத்தை ஓரிடத்தில் கட்டுவது தாரணை. அங்கே ஒரே நினைவு அறாமல் ஓடுவது தியானம். நினைக்கப்படும் பொருள் மட்டும் ஒளிர்ந்து, நினைப்பவன் இல்லாததுபோல் ஆவது சமாதி. தாரணை சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் என்றும் தியானம் அறாமல் வழியும் எண்ணெய் என்றும் மரபில் உவமை சொல்வார்கள். இவற்றுக்கு நேர அளவும் உண்டு. 12 பிராணாயாமம் ஒரு தாரணை, 12 தாரணை ஒரு தியானம், 12 தியானம் ஒரு சமாதி என்று கூர்ம புராணம் கணக்கிடுகிறது. விவேகானந்தர் 1896இல் வெளிவந்த ராஜ யோகத்தில் அதையே எடுத்துச் சொல்லும்போது, மனம் 12 வினாடி ஒன்றில் நின்றால் அது ஒரு தாரணை என்று வைத்தார். டீச்சர் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார். 12 வினாடி. அதன் 12 மடங்கு 144, அதாவது 2 நிமிடம் 24 வினாடி. அதன் 12 மடங்கு 1,728, அதாவது 28 நிமிடம் 48 வினாடி.

வினாடி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. மறுநாள் அப்பாவின் எச்எம்டி ஜனதாவைச் சாவி கொடுத்துக் கொண்டுபோனேன். இப்படிப்பட்ட கடிகாரம் மணிக்கு 18,000 முறை துடிக்கும், வினாடிக்கு ஐந்து. ஆக ஒரு தாரணை என்பது 60 துடிப்பு. ஒரு சமாதி 8,640 துடிப்பு. கடிகாரத்தைக் காதோடு வைத்து, துடிப்பையே நினைவாகக் கொண்டு உட்கார்ந்தேன். ஏழாவது எட்டாவது துடிப்புக்குள் கடை வாடகை வந்தது. மறுபடி தொடங்கினேன்; பத்துக்குள் அக்கா மகனின் கல்யாணம். 40 நிமிடம் சமாதியில் இருந்ததாகச் சான்றிதழ் வாங்கியவனுக்கு 60 துடிப்பு கூடவில்லை. அன்று வகுப்பு முடிந்து கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பும்போது விவேகானந்தர் இல்லத்தின் எதிரே ஸ்கூட்டரை நிறுத்தினேன். கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்க 1842இல் கட்டிய கட்டடம். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். பிறந்தது முதல் அதன் முன்னால் போய்வருகிறேன். அந்த 12 வினாடியைச் சொன்ன மனிதர் தூங்கி எழுந்த வீடு என்று அன்றுதான் பார்த்தேன்.

கடிகாரத் துடிப்பை வைத்துக்கொள்ளலாமா என்று டீச்சரிடம் கேட்டதற்கு யோசித்துச் சொன்னார்: 'துடிப்பு உங்களுக்குத் தொழில், சார். அதைக் கேட்டால் முந்துகிறதா, பின்தங்குகிறதா என்று மனம் கணக்குப் பார்க்கும். மூச்சு மூக்கு நுனியில் படும் இடத்தை எடுங்கள். அதில் பழுதுபார்க்க ஒன்றும் இல்லை.' எவ்வளவு சரி! நான் துடிப்பைக் கேட்கும்போதெல்லாம் ஹேர் ஸ்பிரிங்கைத்தான் மனத்தில் சரிசெய்துகொண்டிருந்தேன். எடுத்த பொருளை ஒரு மாதத்துக்கு மாற்றக்கூடாது என்பது அங்கே விதி. இன்று விளக்கு, நாளை மந்திரம், மறுநாள் புருவமத்தி என்று தாவ விடமாட்டார்.

முன்னேற்றத்தை அளக்க அவர் வைத்திருக்கும் முறைக்காகவே இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன். 20 நிமிடம் உட்காரும்போது, முன்கூட்டித் தெரியாத இடைவெளிகளில் ஒரு சிறிய வெண்கல மணியைப் பத்து முறை தட்டுவார். தட்டிய கணத்தில் எடுத்த பொருளோடு இருந்தேனா, இல்லையா என்று அவரவர் மனத்தில் குறித்துக்கொண்டு பிறகு நோட்டில் எழுத வேண்டும். நோட்டை அவர் பார்க்க மாட்டார். பொய் எழுதினால் அது நமக்கே எழுதும் பொய். என் நோட்டில் முதல் வாரம் பத்துக்கு ஒன்று, சில நாள் சுழியம். ஐந்தாம் வாரம் மூன்று. சளி பிடித்த எட்டாம் வாரம் திரும்பவும் ஒன்று. கடைசி வாரம் ஆறு. நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி வேரூன்றும் என்று பதஞ்சலி மூன்று நிபந்தனை வைக்கிறார். சளி பிடித்த வாரத்தில் இரண்டாம் நிபந்தனையின் கனம் எனக்குத் தெரிந்தது.

குறைகளையும் எழுதிவிட வேண்டும். படிக்கட்டு குறுகல், விளக்கு மங்கல், கைப்பிடி ஒரு பக்கம்தான். மூட்டு வலிக்காரர்களுக்கு அந்த இரண்டு மாடியே பெரிய சோதனை. 5:35க்குக் கதவைச் சாத்திவிடுவார். ஆவடியிலிருந்து வரும் ஓர் அம்மா இரண்டு முறை வாசலோடு திரும்பிப் போனார். எனக்கு அது வலித்தது, டீச்சரிடமும் சொன்னேன். கார்த்திகை மாதத்துக் கொசுவுக்கு ஒரு வலை அடித்தால் என்ன? மெட்ரோ சுரங்க வேலை நடக்கும் பகுதி என்பதால் சில நாள் தரை அதிர்கிறது. சூத்திரங்களை முழுக்க வடமொழியில் சொல்லிவிட்டுப் பிறகு தமிழில் விளக்குகிறார். திருமூலரை இன்னும் கூடுதலாக எடுத்தால் என்னைப் போன்றவர்களுக்கு நெருக்கமாக இருக்கும். மாலை வகுப்பு இல்லை. கடை வைத்திருப்பவர்களுக்கு அது கஷ்டமில்லை, இரவுப் பணி பார்ப்பவர்கள் சேரவே முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வகுப்பில் சமாதி கிடைக்கும் என்று டீச்சர் ஒரு நாளும் சொன்னதில்லை. தமக்குக் கிடைத்ததா என்று கேட்ட ஒருவருக்கு, 'நான் கணக்கு டீச்சர். படி எழுதிக் காட்டுவேன். விடையை நீங்கள்தான் போட வேண்டும்' என்றார். உடனே ஏதாவது அனுபவம் வேண்டும் என்று வருபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எங்கள் குழுவில் மூவர் இரண்டாம் மாதத்தோடு நின்றுவிட்டார்கள்.

பதினோராம் வாரம் ஒரு வியாழக்கிழமை. மழை விட்டு ஈரக்காற்று வீசியது. உட்கார்ந்தேன். மூக்கு நுனியில் மூச்சு குளிர்ச்சியாக உள்ளே போவதும் வெதுவெதுப்பாக வெளியே வருவதும் தெரிந்தது. அது தெரிந்துகொண்டே இருந்தது. டீச்சர் வழக்கம்போல் 'மெதுவாகக் கண் திறங்கள்' என்றபோது நான் எட்டு மணிதான் எண்ணியிருந்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன், பத்து தட்டினார் என்றார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், நேராக இருந்தது. தலையில் கனம் இல்லை. மூச்சு ஒரு கணமும் என்னைவிட்டுப் போனதாக நினைவில்லை. ஆனால் இரண்டு மணி ஓசை என் காதில் விழவில்லை. டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த மூன்று கேள்விகளையும் கேட்டார். பதில்களைக் கேட்டுக்கொண்டு, 'தேதி போட்டு எழுதிவையுங்கள். நாளைக்கு அதைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள்' என்றார்.

மறுநாள் தேடிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பத்துக்கு இரண்டு.

கடையில் கைப்பேசியை இப்போது உள்ளறையில் வைத்துவிட்டு வேலைக்கு உட்காருகிறேன். நசுங்கிய அந்த ஹேர் ஸ்பிரிங்குக்கு மாற்று கிடைக்காமல் ஏழு மாதம் கிடந்த கடிகாரத்துக்கு, பழைய கடிகாரம் ஒன்றிலிருந்து ஸ்பிரிங் எடுத்துப் போன மாதம் பொருத்தினேன். முடித்து நிமிர்ந்தபோது டீ ஆறியிருந்தது. அதை அப்படியே குடித்தேன்.

அடுத்த குழு பொங்கல் கழித்துத் தொடங்குகிறது. நான் இரண்டாம் முறைக்குப் பணம் கட்டிவிட்டேன். வருபவர்கள் சொந்தமாக ஒரு ஜமுக்காளம் கொண்டுவாருங்கள், அங்கே இருப்பவை மெலிந்துவிட்டன. பறக்கும் ரயிலில் வந்தால் மந்தைவெளி நிலையத்தில் இறங்கி நடக்கலாம். வண்டியில் வருபவர்கள் தெருமுனையிலேயே நிறுத்துங்கள். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அந்த நேரத்தில் தூங்கும்.